எடை மேடை

நாலே காலுக்குக் காசிமேடு முழு விழிப்பில் இருக்கும்,
நான்தான் பாதித் தூக்கம்.
ஐஸ் ஏற்றும் மினி லாரிகளின் இடுக்கில்
ஒல்லி டயரைச் செருகி வெளியே வந்தால்
எண்ணூர் விரைவுச் சாலை.
வலப்பக்கம் கருங்கல் அடுக்கு, அப்பால் இருட்டில் கடல்.
எதிர்ப்பக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர்கள்,
ஸ்டியரிங் மேல் கால் போட்டு உறங்கும் டிரைவர்கள்.

இந்த ரோட்டில் மீட்டர் வேண்டாம், மூக்கு போதும்.
கருவாடு விட்டுப்போனால் மூன்று கிலோமீட்டர்.
வெறும் டீசல் என்றால் திருவொற்றியூர்.
கண் லேசாக எரிந்தால் எர்ணாவூர் வருகிறது.
அதற்கப்புறம் வருவதற்குப் பெயர் தெரியவில்லை,
வாயை மூடிக்கொண்டு மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த சைக்கிளுக்காக ஒரு சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
வீட்டில் சொன்ன விலை பதினோராயிரம்.
நிஜ விலை
எனக்கும், விற்றவனுக்கும்,
வண்ணாரப்பேட்டை வேங்கடேசலுவுக்கும் தெரியும்.
அவர் அதை இரண்டு விரலால் தூக்கினார்,
செவுளில் பிடித்து வஞ்சிரம் தூக்குவதுபோல.
"எட்டே கால் கிலோ. கார்பன் ஃபோர்க்கு.
யாராண்டயும் சொல்லாத ஃபிலோ."

அன்று பிடித்தது கிராம் பைத்தியம்.
மணியைக் கழற்றினேன்: நாற்பது கிராம்.
சீட் தண்டில் அரை அங்குலம் அறுக்கச் சொன்னேன்,
வேங்கடேசலு என்னைப் பார்த்தார், அறுத்தார்: பதினொன்று.
கறுப்பு டியூப் போய்
மிட்டாய்த்தாள் மாதிரி ஆரஞ்சு டியூப்: எழுபது.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி லேபில் வேலை எனக்கு.
அங்கே உப்பு நிறுக்கும் தராசில்
ஒரு மதியம் பெடலை நிறுத்துப் பார்த்தேன்.
துடைத்துத்தான் வைத்தேன்.

அந்த ஞாயிறு கிளீட்டஸுக்குக் காய்ச்சல், தில்ஷாத்துக்கு நிக்காஹ் வீடு.
தனியாக, முகத்தில் வாடைக்காற்று.
எண்ணூர் வரை முடியாது என்று தெரிந்து
மணலிப் பக்கம் திருப்பினேன்.
இரண்டாவது கிலோமீட்டரில் பின் டயர்
உஸ்ஸ் என்றது,
பொறுமை இழந்த டீச்சர் மாதிரி.

வெளிச்சம் இருந்த ஒரே இடம் எடை மேடை.
வெடித்த லாரி டயரின் கம்பி, முடியளவு,
என் டயரில் ஏறியிருந்தது. நகத்தால் பிடுங்கினேன்.
ஸ்டூலும் டார்ச்சுமாக வந்தவர் நிஜாமுதீன்,
நைட் ஷிஃப்ட், மஃப்ளர்.
"இன்னா வெல?"
"பதினோராயிரம்."
"சரி, நெஜ வெல?"

சொன்னேன். முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன்.
அவர் விசிலடிக்கவில்லை, சிரிக்கவுமில்லை.
"ஏத்து. நிறுத்துருவோம்," என்றார்.

நாற்பதடி டிரெய்லர் நிற்கும் இரும்புத் தகட்டின் நடுவில்
என் சைக்கிளைச் சாய்க்க இடமில்லை.
படுக்க வைத்துவிட்டு இறங்கினேன்.
சிவப்பு எழுத்தில் பலகை காட்டியது:
0

"இருபது கிலோ ஒரு படிம்மா.
அதுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது."

கழற்றிய மணி, அறுத்த தண்டு,
மிட்டாய்த்தாள் டியூப்,
ஆறு மாதம் விட்ட இரவுச் சோறு.
0

"இப்ப நீயும் ஏறு."
80

பின்னால் நிலக்கரி லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
அவர் அவசரப்படவில்லை. சீட்டு அடித்தார்.
வண்டி எண்: இல்லை.
மொத்தம் எண்பது, வெறும் வண்டி பூஜ்யம்,
சரக்கு எண்பது.
காசு வாங்கவில்லை,
கட்டணப் பலகையில் சைக்கிள் இல்லையாம்.

நாங்கள் இறங்க, லாரி ஏறியது.
பலகை ஓடி ஓடி நாற்பத்திரண்டாயிரத்தில் நின்றது.
தகடு முனகியது, தரை வழியே
என் ஷூ வரைக்கும் கேட்டது.

வீடு சேர்ந்தபோது வெள்ளை ஹேண்டில் டேப்
வழக்கம்போல் சாம்பல் நிறம்.
வெள்ளை வாங்கியது என் தப்பு.
செயினைத் துடைத்த துணியை அலசினால்
தண்ணீர் கடைசிவரை கறுப்பாகவே போனது.
ஜெர்ஸிப் பையில் அந்தச் சீட்டு
வியர்வையில் ஊறி எழுத்து கலைந்திருந்தது.
எத்தனை கிராம் என்று பார்க்கவில்லை.

மணியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.
கன்டெய்னர்காரர்களுக்குக் கேட்காது.
ஆனால் கத்திவாக்கம் திருப்பத்தில்
நடுரோட்டில் நாலு ஆடு நிற்கும்,
அவை திரும்பிப் பார்க்கின்றன.