பத்துக்குக் கீழே

பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை,
மூன்றாம் மாடி, வடக்குப் பார்த்த யன்னல்.
கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு
பல்லுச்சக்கரத்தில் ஒட்டிய தூசியைத் தேடுவது என் வேலை.
பதினொரு வருடம்.
தெரியாதது வேறு,
இல்லாதது வேறு.
சம்பளம் இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான்.

டொக்டர் ஏபிஷர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.
முதல் வருடம் அந்த எண்ணின் பின்னால்
சைபர்கள் ரயில்பெட்டி போல.
இப்போது ஒரு சின்னக் குறி, பக்கத்தில் பத்து.
பத்துக்குக் கீழே எங்கள் இயந்திரத்துக்குக்
கண் தெரியாது, என்றார்.
மொழிபெயர்க்க வந்த சுகந்தினி
"இல்லையாம் அக்கா, போட்டுதாம்" என்றாள்.
பாவம், நல்ல செய்தி சொல்லும் ஆசை அவளுக்கு.
நான் டொச்சிலேயே கேட்டேன்:
போய்விட்டதா, ஒளித்திருக்கிறதா?
அவர் சிரிக்கவில்லை.
ஒளித்திருக்கிறது.
உங்கள் குளிசை கதவை அமத்திப் பிடித்திருக்கிறது.

அந்தக் கதவை ஒருமுறை நானே திறந்துவிட்டேன்.
மாமி விசாவில் வந்து நின்ற மூன்று மாதம்.
மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்கும் கை அவவுக்கு.
"இது என்ன குளிசை, பிள்ளை?"
கேட்கப்படாத அந்தக் கேள்விக்குப் பயந்து
போத்தலைக் குப்பையில் போட்டேன்.
இரண்டாம் மாதம் ஓங்காளம்.
மூன்றாம் மாதம் மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறம்.
சூரிச்சில் அவவை விமானம் ஏற்றிய கையோடு
பெர்னுக்கு ரயில் எடுத்தேன்.
பதினேழு நாள் கட்டில்.
ஈரக்குலை நடுங்குது என்று சொல்வார்களே,
அது பேச்சுக்குச் சொல்வதில்லை.
வலது விலாவின் கீழே
விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம்.

இப்போது பெருங்காயப் பேணிக்குள் குளிசை.
இரவு பத்துக்கு ஒன்று.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
வயிற்றில் குளிர்ந்த களி பூசி
ஸ்கான் பார்க்கும் பெண்ணின் முகத்தை
நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவள் கை ஓரிடத்தில் கொஞ்சம் தாமதித்தால்
என் மணிக்கூடுகள் எல்லாம் நின்றுவிடும்.

நகவெட்டியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.
அது எனக்கு மட்டும்.
விஷயம் எப்படியோ கசிந்த பிறகு
மச்சாள் ஒருத்தி எனக்கு மட்டும்
கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி தந்தாள்.
கோப்பையால் தொற்றாது என்று சொல்ல வாய் வரவில்லை.
சீனியும் போடவில்லை அவள்.
மூன்று ஊசியும் போட்ட தயாபரன்
அன்றிரவு என் கோப்பையை எடுத்து,
நான் பார்க்கத்தக்கதாக,
மிச்சத்தைக் குடித்தான்.

ஆரணி பிறந்தபோது
ஒரு தொடைக்கு ஒன்றாய் இரண்டு ஊசி.
பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் என்று சொல்லியிருந்தார்கள்.
ஐம்பதாவது நிமிடம் போட்டு முடித்தார்கள்.
அவள் வீரிட்டாள்.
நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாழ்க்கையில் ஒரேயொரு தடவை
ஒரு மணிக்கூடு எனக்காக ஓடியது.
அவளுக்கு இல்லை.
சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்:
இல்லை என்றால் இல்லை.

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தவை
இடக்கைப் பழக்கம், முன்கோபம், இது.
வயிறு வீங்கிச் செத்தா.
ஒரு சொட்டுக் குடிக்காத மனுசிக்கு
ஈரல் எப்படிக் கெட்டது என்று
செத்தவீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.
செய்வினை என்றும் சொன்னார்கள்.

நேற்று, உடுப்புத் தோய்க்கும் எங்கள் முறைநாள்.
நிலவறையில், மெசின் சுழலும் இரைச்சலில்
லோசானிலிருக்கும் தம்பிக்கு எடுத்தேன்.
ஒன்பது வருடமாக எடுக்க நினைத்த அழைப்பு.
"நான் குடிக்கிறேல்லையே அக்கா, எனக்கென்ன?"
"அம்மாவும் குடிக்கேல்லை, குகதாசன்."
இரைச்சல்.
மெசின் தண்ணீரை இறக்கிவிட்டு
மறுபடி பிடித்தது.
பிறகு கேட்டான்:
"ரத்தம் குடுக்க வெறும்வயித்தோடயோ போகவேணும்?"
"இல்லையடா.
சாப்பிட்டிட்டே போ."