நிலவை யாரும் அப்டேட் பண்ணவில்லை

ஒன்பதாம் தளத்தில் இன்னும் சுவர் எழும்பவில்லை.
சீமெந்துப் பைகளின் மேல் மடிக்கணினி.
கீழே கொம்பனித்தெரு, கொத்துரொட்டிச் சத்தம்.
பேரை வாவிக்கு மேலே
நகக்கண் அளவே குறைந்த நிலவு.

அட்டவணை சொல்கிறது:
நாளை சனி, காலை ஆறரை,
பத்தாம் தளத்துக்குக் கொங்கிறீற், பதினான்கு லொறி.
நிலவு சொல்கிறது:
நாளை போயா.

இரண்டில் ஒன்று பொய்.
நிலவை யாரும் அப்டேட் பண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை றிஸ்மி அனுப்பிய கருவி அது.
சின்னது, இலவசம்,
அட்டவணையோடு ஒட்டிக்கொண்டால்
வாராந்த அறிக்கையைத் தானே எழுதும் என்றான்.
பொய் சொல்லவில்லை. எழுதியது.
எழுதின கையோடு
நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய நாட்காட்டியைக்
கழற்றி வீசிவிட்டுத் தன்னுடையதை மாட்டியது.
அதில் போயா இல்லை,
தைப்பொங்கல் இல்லை,
வெள்ளி மதியம் மேசன் நவ்பர் தொழப் போகும்
ஒன்றரை மணித்தியாலம் இல்லை.
எந்த ஊர் நாட்காட்டியோ!
யாரும் கும்பிடாத, யாருக்கும் காய்ச்சல் வராத ஊர்.

நாலாம் மாதம் ஏழாம் திகதி
ஏழாம் மாதம் நாலாம் திகதியாய்ப் புரண்டு படுத்திருந்தது.
லிஃப்ற் கிணறு வெட்டுமுன்னே
லிஃப்ற் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு சிவப்பெழுத்து வரவில்லை.
கண்ணாடி உடைந்தால் கேட்கும்.
பால் திரிவது யாருக்குக் கேட்கும்?

பிரதி இல்லையா, என்கிறார் தொலைபேசியில் முகாமையாளர்.
இருக்கு சேர், மூன்று.
புதன், வியாழன், இன்றைக்கு ஒன்று.
மூன்றும் அதே பிழையை
ஒரு புள்ளி பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கின்றன.
திங்களில் எடுக்கவில்லை.
திங்கள் மழை. கறண்ட் போய் வந்தது.
நாளைக்கு எடுப்பம் என்று குடையை விரித்தேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

கொங்கிறீற் ஆலைக்கு எடுத்தால் லசந்த சிரிக்கிறார்:
"நாங்களும் யோசிச்சது மிஸ், போயாவில என்ன வேலை என்று.
ஆனா உங்கட கொம்பியூட்டர்தானே சொன்னது."

இரவு பத்தரைக்குத் தகரக் கொட்டிலில்
களஞ்சியக்காரி பியூமியின் மேசைக்குப் பின்னால்
போன மாதம் அச்சடித்த பெரிய தாள்,
தேத்தண்ணிக் கோப்பை வட்டங்களோடு.
போயா நாளெல்லாம் சிவப்புப் பேனையால் சுழித்திருந்தாள்.
திட்டத்துக்காக அல்ல,
மாத்தறை பஸ்ஸுக்காக.

அதைப் பார்த்து நான் வாசிக்க
தர்மினி தட்டினாள்.
நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள்.
இருநூறு தாண்டியபோது பிளேன்ரீ முடிந்தது.
முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு வரியை
இரண்டு தரம் வாசித்து
இரண்டு பேரும் சண்டை பிடித்தோம்.
விடிய, வாவிப் பக்கம் கொக்குகள்.
கிறேன் அசையவில்லை.
அசையக் கூடாத நாள்.

இப்போது யார் என்ன கருவி தந்தாலும்
மூலத்தைப் பூட்டி வைத்து
ஒரு பிரதியைத்தான் அதன் வாயில் கொடுக்கிறேன்.
ஒரு நேரத்தில் ஒரு கருவி.
உள்ளே போனது நானூற்றுப் பன்னிரண்டு,
வெளியே வந்தது எத்தனை?
எண்ணுகிறேன், கடைக்காரனிடம்
மிச்சக் காசு எண்ணுகிற மாதிரி, வெட்கமில்லாமல்.
பிறகு அடுத்த போயாவுக்குப் போய்ப் பார்க்கிறேன்.
அன்றைக்கு யாராவது வேலை செய்துகொண்டிருந்தால்
மூடுகிறேன்.

சேமிக்கவா, என்று கேட்கிறது.
வேண்டாம்.