யானைமலைக்கு அந்தப் பக்கம்

பகலெல்லாம் அடுத்தவர் காதைச் சோதிப்பது என் பிழைப்பு.
கோரிப்பாளையத்தில் மாடியறை, பஞ்சு ஒட்டிய சுவர்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், கையில் பொத்தான்.
"சத்தம் கேட்டா அமுக்குங்க."
நாற்பது டெசிபல். முப்பது. இருபத்தைந்து.
நான் சத்தமே தராதபோதும் சிலர் அமுக்குவார்கள்.
தாளில் அதற்கொரு சின்னப் பெருக்கல் குறி.

ராத்திரி ஒத்தக்கடையில்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல்
நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.
திரைச்சீலைக் கம்பியை அறுத்துக் கட்டிய ஆன்டெனா,
குமிழ் பிய்ந்த பழைய ஸ்கேனர்.
இருநூற்றைம்பது மெகாஹெர்ட்ஸுக்கு மேலே
கடுகு பொரிந்துகொண்டே இருக்கும்,
அதைக் கிழித்துக்கொண்டு சட்டென ஒரு தொண்டை.
முதலில் மாஸ்க்குக்குள் இழுக்கும் மூச்சு,
பிறகுதான் பேச்சு.

"யாரு அது?" என்பார் வீரணன், லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து.
தெரியாது.
"என்ன சொல்றான்?"
உயரம் சொல்றான்.
"யார்கிட்ட?"
அது நமக்குக் கேக்காது.
தரையில் இருந்து பேசுகிறவர்
பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துபோகிறார்.
மாட்டுத்தாவணி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
போனில் பேசுவதைக் கேட்பது போலத்தான்:
ம். சரி. எத்தனை. இல்லை இல்லை. ம்.

மறுபாதி புதுக்கோட்டை ஜெரால்டிடம் இருக்கிறது.
அவர் வீட்டு உயரமான கம்பத்தில்
தஞ்சாவூர்த் தரை கேட்கும்.
பார்த்ததில்லை அவரை.
பத்து மணிக்குப் போனில் அவர் கேள்விகளைப் படிப்பார்,
நான் பதில்களைப் படிப்பேன்.
எங்கே போகிறார்கள், எதற்கு, அதெல்லாம் எழுதுவதில்லை.
நேரம், தெளிவு, அவ்வளவுதான்.
தெளிவுக்கு ஐந்து மதிப்பெண்.
பகலில் நான் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வடக்கே யானை படுத்திருக்கிறது.
அது படுத்த பக்கம் எனக்குச் செவிடு.
தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்
அதன் தும்பிக்கையருகே ஒரு வாக்கியத்தைத் தொடங்கி
வால் பக்கம் வந்துதான் முடிக்கும்.
நடுவில் கல்.

ஐப்பசியில் ஒரு வெள்ளி.
மழை தூரத்தில், நரசிங்கம் பக்கம் கல்யாண மண்டப மைக்.
ஏழு நாற்பத்தொன்றுக்குப் பேச்சு அறுந்தது.
வழக்கமான கல்தான் என்று டீ ஆற்றினேன்.
நாற்பத்தாறுக்கு ஜெரால்டு கூப்பிட்டார்,
என்றும் அந்த நேரத்தில் கூப்பிடாதவர்.
"கீழ இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நாலு தரம்.
இப்ப அஞ்சு. அந்தப் பேரையே.
உங்களுக்குக் கேக்குதா?"

கடுகு. கடுகு. மைக்கில் மொய் எழுதியவர் பெயர்.
தொட்டியில் என் கட்டைவிரல் அழுந்திக்கொண்டிருந்தது.
"கேக்குதாங்க?"
ஆமா, என்றேன்.
லேசா. இப்பதான்.

போனில் அவர் மூச்சு விட்டது மட்டும்
ஐந்துக்கு ஐந்து.

அன்று காலைதான் மேலூர் கண்டக்டர் சேவுகன்,
விசில் ஊதி ஊதி வலது காது போனவர்,
அமைதியில் பதினோரு தரம் அமுக்கியிருந்தார்.
ஏன் அமுக்கினீங்க என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.
"அடுத்து வரும்ல," என்றார்.

ஆன்டெனாவைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன்.
வீரணன் டார்ச்சை ஏன் மேலே அடித்தாரோ தெரியாது,
மேகத்தில் ஒரு வெள்ளை வட்டம், அதில் தூறல்.

ஏழு ஐம்பத்திரண்டு.
மூச்சு.
பிறகு, சலித்துப்போன ஒரு இளைஞனின் குரல்:
ஸே அகெய்ன்.

அவ்வளவுதான். மறுபடி சொல்லுங்கள்.
அவனுக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை போல.

வீரணன் கீழே இறங்கித் தோசைக்கல்லைப் போட்டார்.
நோட்டில் ஐம்பத்திரண்டை எழுதினேன், தெளிவு மூன்று.
அதற்கு மேல்வரியில் நாற்பத்தாறு,
எதிரே சின்னப் பெருக்கல் குறி.
பத்து மணிக்கு ஜெரால்டுக்குப் படிக்கும்போது
அந்த வரியை மட்டும்
படிக்காமல் தாண்டினேன்.