கொதிக்கும் வரை

தாலின், கோப்லி துறைமுகத்தின் பின்புறம்,
பழைய கயிற்று ஆலையின் மூன்றாம் மாடி.
பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே கடல்
உறைந்தும் உறையாமலும் கிடக்கிறது.
விரல் வெட்டிய கையுறையோடு
மாரிக்கா மவுஸை நகர்த்துகிறாள்.
நான் உதவியாள். துண்டுகளுக்கு எண் போடுபவன்.

திரையில் ஒரு சமையலறை.
முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண்
உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறாள்.
அவ்வளவுதான்.

மூன்று இரவு தூங்காத இயக்குநர் உர்மாஸ்
நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்தபடியே சொல்கிறான்:
ஒன்றுமே நடக்கவில்லையே.
பனிமூட்டத்தை முதலில் வை. கத்தியை வை.
ரத்தம் ஒரே ஒரு சொட்டு போதும்.

மாரிக்கா திரும்பவில்லை.
கத்தியைக் காட்டினால் கத்துவார்கள்.
கத்தி முடித்தால் தீர்ந்தது,
கை பாப்கார்னுக்குப் போய்விடும்.

கெட்டிலை அடுப்பில் ஏற்று, என்றாள் என்னிடம்.
திரையில்தான்.
ஏழாம் டேக்கிலிருந்து எடுத்து ஒட்டினேன்.
தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று
யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.
அரங்கில் இருக்கிற அத்தனை பேர் வயிற்றிலும்
இப்போது ஒரே கடிகாரம்.

அப்புறம் சத்தம்.
ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்ததாம்,
முதல் ஃப்ரேமிலிருந்து.
அவள் அதை நிறுத்தியபோதுதான்
அது இருந்ததே எனக்குத் தெரிந்தது.
உர்மாஸின் நடை நின்றது.

இசை?
வேண்டாம். இசை வந்தால்
பக்கத்து இருக்கையில் யாரோ உட்கார்ந்து
பயப்படு பயப்படு என்று
முழங்கையால் இடிப்பது போல.

மேஜைமேல் இரண்டு தட்டு.
ஒன்று காலி.
இன்னொன்றில் யாரோ தின்று ஒதுக்கிய
கிலு மீனின் முள்.
கேமரா அதன்மேல் நிற்கவில்லை,
கடந்து போகிறது,
கடன்காரனைத் தெருவில் கண்டும்
காணாததுபோல.

எழுவாய் வந்தாயிற்று.
செயப்படுபொருள் தட்டில் கிடக்கிறது.
வினைமுற்றை மட்டும் காணோம்.
சீவி, கழுவி, துடைத்து, நிமிர்ந்து
எச்சத்தின்மேல் எச்சமாக
இருட்டில் படி இறங்குகிறது வாக்கியம்,
அடுத்த படி உண்டா என்று
காலால் தடவித் தடவி.

இரண்டு நிமிடம் ஐம்பதாவது நொடியில்
அந்தப் பெண் தலையைத் திருப்புகிறாள்.
திரைக்கதையில் இல்லாத திருப்பம்.
இடப்பக்கம், மேலே, எதையோ தேடி.
தப்பு, வெட்டிவிடு என்றான் உர்மாஸ்.
மாரிக்கா அதைப் பன்னிரண்டு தடவை ஓட்டினாள்.
பன்னிரண்டு தடவையும்
அந்த இடது மூலையில் ஒருவன் நின்றான்.
வெவ்வேறு ஆள்.

ஹெல்யு, வில்யாந்தியில் பூகோள ஆசிரியை.
நடித்தது இதுவே முதல்முறை.
நான்தான் போன் பண்ணிக் கேட்டேன்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால்
சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தேன்,
மன்னித்துக்கொள்ளுங்கள்.

சொன்னேன்.
மாரிக்கா முதன்முறையாகக் கையுறையைக் கழற்றினாள்.
பார்வை போய்ச் சேர்வதற்கு
இரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டினாள்.
பஸ்ஸைத் தவறவிடும் கவலை
உயிரைத் தவறவிடும் கவலையாக மாற
வேறெதுவும் தேவைப்படவில்லை.

கெட்டில் முனக ஆரம்பிக்கிறது.
விசிலுக்கு முன்பே கறுப்பு.
படத்தின் பெயர், வெள்ளையில், சின்னதாக.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
உர்மாஸ் கோட்டை எடுத்தான்,
நாளைக்குப் பார்ப்போம் என்று முணுமுணுத்தபடி.
அப்போது இந்த அறையின் ஹீட்டர் நின்றது.
காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்து,
மறு கையை நுழைக்காமல்,
கதவுப் பக்கம் திரும்பி