கடலுக்கு அடியில் நான்கு நிமிடம்

பதினோரு மாதம் பொய் சொன்னேன்.
மலைச் சாலைதான் பிடிக்கும் என்றேன்,
ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே
வேலைக்குப் போகலாம் என்றேன்.
ஐம்பது நிமிடம் கூடுதல், பெட்ரோலும் கூடுதல்.
ஃபாரோ தீவுகளின் விடியாத குளிர்காலத்தில்
எந்த ஆடும் கண்ணுக்குத் தெரியாது.

ஓலுவா மட்டும் கண்டுபிடித்தாள்.
மருத்துவமனைச் சலவையறையில்
போர்வையின் ஒரு முனையை அவளும்
மறுமுனையை நானும் பிடித்து மடிக்கையில்,
"பயப்படுகிறவளுக்கு விசுவாசம் குறைவு" என்றாள்,
குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோல.

படகை விட்டிறங்கி அலைமேல் நடந்த
அந்த மீனவனைப் பற்றி
எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
கடலுக்குக் கீழே போகச் சொல்லியிருந்தால்
அவன் என்ன செய்திருப்பான் என்று
ஒரு போதகரும் சொன்னதில்லை.

தீவுக்கும் தீவுக்கும் நடுவே
பாறையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள்.
அதன்மேல் கடல்.
கடலில் எங்கோ, என் ஒன்பது வயதிலிருந்து,
அப்பா.
படகு கிடைத்தது. ஒரு கையுறை கிடைத்தது.
இறந்தவர்கள் கீழே, இருக்கிறவர்கள் மேலே:
கல்லறைத் தோட்டத்தின் அந்த ஒழுங்கு எனக்குப் புரியும்.
அப்பாவுக்கும் கீழே கார் ஓட்டிப் போவது
எப்படி என்றுதான் புரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பனியும் கல்லும் சரிந்து மலைச் சாலையை மூடின.
இருந்தது ஒரே வழி.

ஜெபித்தாயா என்று கேட்காதீர்கள்.
நீளமாக ஜெபிக்க மூச்சு வேண்டும்.
மூழ்கத் தொடங்கியபோது அந்த மீனவனும்
மூன்றே சொல்தான் கத்தினான்.
நாலாவது சொல்லுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்.

சாலை இறங்கியது. காது அடைத்தது.
இன்னும் இறங்கியது.
இனி ஏற்றம்தான் என்கிற கடைசிப் பள்ளத்தில்
முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள்.
மீன் லாரி ஒன்று பழுதாகி நிற்கிறதாம்.
நின்றேன்.

கண்ணாடியில் ஒரு சொட்டு.
பாறையின் வியர்வையா, கடலா?
துடைப்பான் ஒருமுறை போய் வந்தது.
இன்னொரு சொட்டு.
இதயம், சலவை இயந்திரத்தின்
கடைசிச் சுற்றுப்போல் உதறியது.
கதவைத் திறந்து ஓடலாம்தான்.
எந்தப் பக்கம்?
இரண்டு பக்கமும் மேடு.

அப்போது வந்தது வெளிச்சமில்லை, குரலுமில்லை.
ஞாயிறுதோறும் எழுந்து நின்று
வாய்ப்பாடுபோல ஒப்பிக்கிற அறிக்கையிலிருந்து
ஒரே ஒரு வினைச்சொல்:
இறங்கினார்.

அதற்கு முன்னும் பின்னும் வருகிறவை
எனக்குப் பாடம்.
இந்தச் சொல்லை மட்டும் முப்பது வருடமாக
கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே
தாண்டிப் போயிருக்கிறேன்.
இறங்கினார். எவ்வளவு தூரம்?
இதற்கும் கீழே.
அப்பாவுக்கும், அந்த இன்னொரு கையுறைக்கும்,
வெளிச்சத்தின் பெயர்கூடத் தெரியாத மீன்களுக்கும் கீழே.
நான் விழுந்து சேரக்கூடிய
எந்த அடியிலும், எனக்கு முன்பே
ஒருவர் உட்கார்ந்து எழுந்த சூடு.

பயம் போய்விடவில்லை.
ஓலுவா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்
இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.
பக்கத்து இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு
அது உட்கார்ந்திருந்தது.
பெல்ட்டைப் போட்டுக்கொள் என்றேன்.

லாரி நகர்ந்தது.
மொத்தம் நான்கு நிமிடத் தாமதம் என்றது வானொலி.
மேலே வந்தபோது இருட்டு, மழை,
எப்போதும்போல ஊர்.
அன்று முந்நூறு தலையணை உறைகள்.

மாதக் கடைசியில்
சுங்கச் சாவடியிலிருந்து ரசீது வந்தது.
இலகு ரக வாகனம் ஒன்று,
பத்தொன்பது முறை கடந்தது.
பத்தொன்பது முறையும் பயந்தேன்.
காருக்குள் எத்தனை பேர் என்று
அவர்கள் கணக்கு வைப்பதில்லை.