ஏற்றம் ஏதுமில்லை

வகிதா,
ஞாயிறு காலை ஏழு மணிக்குள்
தாம்பரம் மேற்கில் பஸ் ஏறிவிடு.
முடிச்சூர் தாண்டி, பால் பூத் நிறுத்தம்.
பால் பூத்தை இடித்து நாளாயிற்று,
கண்டக்டர்கள் இன்னும் அப்படித்தான் கூவுகிறார்கள்.
செருப்பு எதுவானாலும் சரி, ஷூ வாங்காதே.
உன் முழங்கால் டாக்டர் சொன்ன கணக்கு:
இரண்டு கிலோமீட்டர், சமதரை,
நடுவில் உட்கார ஓர் இடம்.
பார்த்து வைத்திருக்கிறேன்.

பெட்டிக்கடை பக்கவாட்டில் ஒரு சந்து.
பேச்சின் நடுவே போன் கட்டாவதுபோல
அதன் கோடியில் ஊர் நின்றுவிடும்.
அப்புறம் மண் கரை,
ஒரு டிராக்டர் அகலம்.
இடது கைப்பக்கம் அறுத்த வயல்,
இரண்டு காணிதான்; மிச்சமெல்லாம் மனைக்கல்.
பதினேழாம் எண் கல்லில்
ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும்.
பத்திரம் இல்லை, ஆனால் அதனுடையதுதான்.

வலது கைப்பக்கம் ஆறு.

ஆறு என்றால் சிரிப்பாய்.
பங்குனியில் அது கணுக்கால் அளவு.
கோரைக்குள் நுழைந்து
ஆகாயத்தாமரைக்கு அடியில் காணாமல் போய்
அந்தப் பக்கம் வேறு யாரோபோல வெளியே வரும்.
பாலத்தில் பஸ் போகும்போது
மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போமே,
அதே அடையாறுதான்.
இங்கே அதற்கு இன்னும்
நம் ஊரைத் தெரியாது.

ஆள்காட்டி கத்தும், பயப்படாதே.
நமக்கு முன்னால் ஓடி ஓடிக் கத்தும்.
முட்டை வேறு திசையில் இருக்கும்.
போன வாரம் என்னை நூறடி ஏமாற்றியது,
நானும் மரியாதைக்கு ஏமாந்தேன்.
எருமைகள் ஏழு.
ஓட்டி வருகிற பரசுவிடம்
கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் கேட்டுவிடாதே,
நடை அதோடு சரி.

பாதி தூரத்தில் மதகு.
சிமென்ட் மேடையில் இரண்டு பேர்
கால் தொங்கப்போட்டு உட்காரலாம்.

இதுவரை எழுதிவிட்டு
தாளை மடித்து
அரிசி டப்பா மேல் மூன்று நாள் வைத்திருந்தேன்.

மதகிலிருந்து பார்த்தால்
உங்கள் வீடு தெரியும்.
மாடி மட்டும்.
நீலத் தொட்டி இருந்த இடத்தில் கறுப்புத் தொட்டி.
யாரோ பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயப்போடுகிறார்கள்.
அந்த டிசம்பரில்
நீயும் அன்சாரும் கைக்குழந்தையும்
இரண்டு ராத்திரி அங்கே நின்றீர்கள்.
படகு வந்ததும் முதலில் குழந்தையை நீட்டினாய்,
அடுத்து தையல் மிஷினின் தலையை.
படகுக்காரர் திட்டியது
எங்கள் மாடிவரை கேட்டது.

பிறகு அம்பத்தூரில்
லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி.
எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்றாய்.
முழங்கால் தேய்ந்தது
அந்தப் படிகளில்தான் வகிதா.
எனக்கென்னவோ அதையும்
இந்த ஆற்றின் கணக்கில்தான் எழுதத் தோன்றுகிறது.

நான் இங்கேயே இருந்துவிட்டதைத் தைரியம் என்று
உன் தங்கையிடம் சொன்னாயாம்.
வீட்டை வாங்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.
ஒன்றரை வருஷம் நானும் கரைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.
ஒருநாள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது,
துரத்தி வந்தேன்.
அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
அதன் நாக்குச் சத்தம்,
வேறொரு சத்தமும் இல்லை.

ஆகவே மேலே சமதரை என்று எழுதியது
உனக்குப் பொருந்தாமல் போகலாம்.
மூன்று பனை நிற்கிற இடத்தில் திரும்பிவிடலாம்.
அங்கிருந்து வீடு தெரியாது.
எண்ணூறு மீட்டர் வரும்,
டாக்டரிடம் இரண்டு கிலோமீட்டர் என்று சொல்லிக்கொள்.
மதகுவரை வந்தாலும்
வயலைப் பார்த்து உட்காரலாம்,
ஆற்றுக்கு முதுகைக் காட்டினால்
அது ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

தூறல் போட்டால் வராதே.
மேகம் இருந்தாலும் வேண்டாம்,
நானே போன் செய்கிறேன்.
திரும்ப ஒன்பதே காலுக்கு பஸ்,
உட்கார இடம் கிடைக்கும்.
பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவருவேன்.
சர்க்கரை தனியாக.
உனக்கு எத்தனை ஸ்பூன் என்பது
மறந்தே போய்விட்டது.