என்ன வேணும்

அரக்கோணத்தில் எங்களிடம் இரண்டு தட்டுகள் இருந்தன.
மூன்றாவது வாங்கியதே பூனைக்குத்தான் என்பாள் அம்மா.
ரேஷன் அட்டையில் அவள் பெயர், கீழே என் பெயர்,
அதற்கும் கீழே
குறுக்குக்கோடு போட்டு அடைத்த வெற்றிடம்.
யாராவது 'என்ன வேணும்' என்று கேட்டால்
கால் கிலோ சர்க்கரை என்றுதான்
சொல்லத் தெரியும் எனக்கு.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பொருள் உண்டென்று
முப்பத்தோரு வயதில்
வீரவநல்லூரில் தெரிந்துகொண்டேன்.
மறுவீட்டுப் பந்தியில் எதிர் இலைக்காரர்
என்னைக் காட்டிக் கேட்டார்,
'இவுக யாருக்கு என்ன வேணும்?'
ஏழு பதில் ஒரே நேரத்தில் வந்தது.
எனக்கு மருமவன்.
எனக்கு அத்தான்.
எனக்குச் சகலை.
முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை,
அதற்குமுன் நான் பார்த்தேயிராதது,
'சித்தப்பா' என்றது, சந்தேகமே இல்லாமல்.
சொதி ஊற்றியவள் குனிந்து
'இன்னும் என்ன வேணும்' என்றாள்.
இஞ்சித் துவையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று பேர்.
கைபேசியில் குறித்துவைத்து
குளியலறையில் மனப்பாடம் செய்தேன்:
பிரமநாயகம், மாட்டு டாக்டர், மூத்த சகலை.
உலகம்மாள் மைனி, சத்தமாகப் பேசுவாள், கோபம் அல்ல.
சின்ன மாமா, கடன் கேட்பார், கொடுக்காதே.
(கொடுத்தேன். இன்னும் வரவில்லை.)
சுடலை மச்சானுக்கு என் தமிழ் பெரிய வேடிக்கை.
'சர்க்கரையாம்லா! சீனின்னு சொல்லும்வே.'

போன ஆனியில்
தச்சநல்லூர் வீட்டில் அம்மா வழுக்கி விழுந்தபோது
நான் ஹைதராபாத்தில் இருந்தேன்.
இடுப்பெலும்பு.
வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது.
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரித் தாளில்
'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்துக்குள்
பிரமநாயகத்தின் கோணல் எழுத்து: தம்பி.
கூடப்பிறப்பே இல்லாத என் அம்மாவுக்கு
அறுபத்தாறு வயதில் ஒரு தம்பி.

ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்.
அந்த ஒற்றைப் பாஸ் அன்று
பதினாறு கை மாறியதாம்.
வாசல் காவலருக்குப் பொறுமை போய்
பால்துரையை மறித்திருக்கிறார்.
பால்துரை, மைனியின் தம்பிக்குப் பெண் கொடுத்த வீட்டில்
ஆட்டோ ஓட்டுகிறவர்.
'நீரு அந்தம்மாவுக்கு என்ன வேணும்?'
ஒரு கையில் தூக்குச்சட்டி,
மறு கையில் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து,
பாதியில் விட்டுவிட்டாராம்.
'வேணும்வே. அவ்வளவுதான்.'

என் மொழிதான் இது.
உறவைக் கேட்கவும் தேவையைக் கேட்கவும்
ஒரே சொல்லை வைத்தவன் எவனோ,
அவன் வீட்டில் ஆள் அதிகம் இருந்திருக்க வேண்டும்.
நானும் முப்பது வருஷமாக
அதே சொல்லைச் சொல்லி
சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிரமநாயகத்திடம் நன்றி என்றேன் ஒருமுறை.
முகம் சுருங்கிவிட்டது மனுஷருக்கு.
'என்ன மாப்ளே, பேங்க் கவுன்ட்டர்லயா நிக்கோம்?'
பிறகு நாள் முழுக்க
என்னிடம் பேசாமல்
எருமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா இப்போது வீரவநல்லூரில்.
கைத்தடியை ஊன்றிக்கொண்டு
உலகம்மாள் மைனியோடு உப்புக்குச் சண்டை போடுகிறாள்.
தினமும். சாயங்காலமும்.
சண்டை போட அவளுக்கு
இதற்குமுன் ஆள் வாய்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த தூக்குச்சட்டி
இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.
வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதாம்,
மங்கை சொன்னாள்.
கடைக்குப் போய் அரைக் கிலோ சீனி வாங்கினேன்,
சீனி என்றே கேட்டு.
இந்தத் தாளை மடித்து அடியில் வைத்து
மேலே கொட்டியிருக்கிறேன்.

யாராவது எடுத்துப் பார்த்தால், மங்கை,
ஈரம் இழுக்கப் போட்டது என்று சொல்லிவிடு.